அந்தரம் அண்ணையும் ஒரு தேசிக்காயும்

கனடாவுக்கு வந்த தமிழர்களில் ஒரு கதிரையில் முழுதாக இருந்து பார்க்காதவர் அந்தரம் அண்ணை ஒருவர்தான். நுனியில் தொற்றிக்கொண்டு காலாட்டுவார். தொண்ணூறுகளில், மோர்னிங்சைட்டில் எங்கள் மாடிக்கட்டடத்தில், எதற்கெடுத்தாலும் அவசரப்பட்டு அந்தரப்படுகிற அந்த மனிதரின் சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டுமே தெரியும். லிஃப்ற் சுணங்கினால் படியால் இறங்கி ஓடுவார். பாதி வழியில், லிஃப்ற் வந்திருக்குமோ என்று திரும்பி ஏறுவார்.

ஆளுக்கு இருந்த ஒரே சொத்து ஒரு கெரிஸ். மலாய்க்காரரின் குத்துவாள் அது. அலகு பாம்புபோல நெளியும். மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்த தகப்பனுக்கு ஒரு மலாய்ச் சிநேகிதர் தன் கையால் கொடுத்ததாம்.

"உது சிங்கப்பூர்க் கடையில விக்கிற விளையாட்டுச் சாமான். கொப்பர் நல்லாய்ப் புளுகியிருக்கிறார்," என்று பிறம்ரனில் இருந்த மச்சான் ஒரு கலியாணவீட்டில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். அன்றோடு அண்ணையின் நித்திரை போனது. செத்துப்போன ஐயாவைப் பொய்யன் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பொறுக்கும்?

அந்த நேரம் பார்த்து, கெரிஸ் சேகரிக்கிறவர்கள் கூடி நட்புக்காக ஒரு போட்டி வைக்கிறார்கள், பினாங்குக்காரர் ஒருவர் நடுவர் என்று கேள்விப்பட்டார். காரில் கூட்டிக்கொண்டு போகவேண்டியவன் நான். அந்தக் கிழமை முழுக்க என் கதவுக்கு ஓய்வில்லை.

"தம்பி, சனிக்கிழமையை மறந்திடாதை."

"இண்டைக்குத் திங்கள், அண்ணை."

"அதுக்குத்தான் இப்பவே சொல்லுறன்!"

போட்டி பின்னேரம், காலையிலேயே என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார், கையில் பட்டுச்சேலையில் சுற்றிய கெரிஸ். வழி நெடுகச் சிவப்பு விளக்குகளை ஏசினார். மண்டபத்தடியில் கார் விட இடமில்லை.

"எங்கையாவது விட்டிட்டு வா!" என்று குதித்து ஓடினார். நானும் விடக்கூடாத இடத்தில் விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

உள்ளே, வெல்வெட் துணிகளில், வெள்ளிப் பிடி போட்ட கெரிஸ்கள். அண்ணை சேலையைப் பிரித்தார். அலகெல்லாம் சந்தனம், குங்குமம். நுனியில் குத்தியபடி நசிந்த ஒரு தேசிக்காய்! வெள்ளிக்கிழமைதோறும் சாமித்தட்டில் முருகனின் வேலோடு சேர்த்து இதற்கும் பூசை செய்கிறவர், அவசரத்தில் அப்படியே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஐயோ, நாசமாப் போச்சு! ஐயாவைச் சந்தி சிரிக்க வைச்சிட்டன்!"

சட்டையால் துடைக்கத் துடைக்க, தேசிக்காயின் புளிச்சாறு பட்ட இரும்பில் வரி வரியாய் எதுவோ எழும்பியது. நடுவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"தேசிக்காயால் கழுவுவது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான், சேர். சொறி, சேர்."

தங்கள் ஊரிலும் கெரிஸை அப்படித்தான் கழுவுவார்களாம். கடைச் சாமான் வெறும் தகடு. இது மடித்து மடித்து அடித்த பழைய இரும்பு, அதனால்தான் இந்த வரி. இப்படி ஒன்றைக் கடையில் விற்கமாட்டார்கள், மனசுக்குப் பிடித்தவருக்குக் கொடுப்பார்கள் என்றார்.

பரிசு ஒரு வெள்ளிப் பிடிக்குப் போனது. அண்ணை அதைக் கவனிக்கவே இல்லை. நடுவர் இழுத்துப் போட்ட கதிரையில் முதுகு சாய, முழுதாக இருந்தார். கால் ஆடவில்லை.

"வெளிக்கிடுவமா, அண்ணை?"

"கொஞ்சம் இருப்பம், தம்பி. ஐயா பொய் சொல்லேல்லை."

யன்னலுக்கு வெளியே என் காருக்கு டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதட்டும் என்று நானும் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.