கொதிக்க வைத்த ஓடைத் தண்ணீர்

அருமைப் பேத்தி கல்பனாவுக்கு, ஜவ்வாது மலையிலிருந்து உன் ஆயா குப்பம்மா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி தேவயானியும் மாடுகளும் சுகம். உன் சுகத்துக்கு நம் சாமி வேடியப்பன் பொறுப்பு.

உன் அண்ணன் வெற்றிவேல் கண்ணமங்கலத்தில் சொந்தமாக டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்துவிட்டான். தங்கச்சி செவ்வந்தி நர்ஸ் படிப்பில் முதல் வகுப்பு. நீயோ பெங்களூரில் டாக்டர். "ஊசி போடுமா உங்க பேத்தி?" என்று கேட்கிறவர்களுக்கு, "போடாது, கிருமிங்க சண்டையப் பாக்கற டாக்டரு" என்று அஞ்சாவது படித்த நான்தான் விளக்கம் சொல்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் நீ என்னைத் திட்டவில்லை, அதுதான் சங்கடமாக இருக்கிறது. முள் குத்திய தாத்தா காலிலிருந்து நீ எடுத்துப்போன கிருமி மருந்துக்கும் அடங்கவில்லை, கிருமியைத் தின்னும் வைரஸை விட்டாலும் சாகவில்லை, ஏனென்றால் வேறொரு வைரஸ் முன்னாடியே அதற்குள் குடிபுகுந்து, புதுசாக வருகிறவனை வாசலிலேயே வெட்ட அருவாளோடு நிற்கிறது என்று போனில் சொன்னாயே, அதை அப்படியே தாத்தாவிடம் சொன்னேன். கட்டிலில் கிடந்தபடி காலைப் பார்த்தார். "அவனுங்க வூட்டுக்கு அடிச்சிக்கறானுங்க, நடுவுல நான் இன்னாடி பண்ணேன்? எவன் ஜெயிக்கறான்னு பேத்தியக் கேட்டுச் சொல்லு" என்றார். நான் கேட்பதற்குள் போய்ட்டார்.

கருமாதி முடிந்து கிளம்பும்போது, அவர் கால் கழுவிய ஓடையில், மாடு இறங்குகிற இடமாகப் பார்த்து ஒரு கேன் தண்ணீர் அனுப்பச் சொன்னாய். அந்தக் காவலையும் தாண்டுகிற வைரஸ் அதில் இருந்தாலும் இருக்கும் என்றாய். ஊருக்குப் போகும் தண்ணீரை நம் வூட்டில் பச்சையாகவா அனுப்புவோம்? சாணி மிதக்கிறதே என்று வேட்டியில் வடிகட்டி, துளசி போட்டு, தளதளவென்று கொதிக்க வைத்து அனுப்பினேன். "ஆயா, அதுல ஒண்ணுமே உயிரோட இல்ல" என்று சிரித்தாய். அப்புறம் நீ மூக்கை உறிஞ்சினது எனக்குக் கேட்டது.

அவர் போனாலும் அவர் காலைத் தின்ற கிருமி உன் லேப் பெட்டியில் குளிரில் பத்திரமாக இருக்கிறதாமே. தூக்கிப் போட்டுடாதே கண்ணு. என்றைக்காவது எவன் ஜெயித்தான் என்று தெரிந்தால் எழுது, அவரைப் புதைத்த இடத்தில் போய்ச் சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை ஓடைத் தண்ணீரைச் சாணியோடு, தவளைக்குஞ்சோடு கேனில் பிடித்துச் சித்தி பொறுப்பில் வைத்திருக்கிறேன். நாளைக்கு அமிர்தி பஸ்ஸில் போகும். நீ வர வேண்டாம், வேலையைப் பார். கட்டிலைப் பார்த்தால் அழுவாய்.

உனக்கு ஒரு குறையும் வராது, நான் சொல்கிறேன். சுவரில் நீ ரெட்டைச் சடையோடு நிற்கிற படம்தான் இருக்கிறது. தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட, வெள்ளைக் கோட்டோடு புது போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. போனில் அனுப்பினால் ஆணி அடிக்க முடியாது.

உன் ஆயா,
குப்பம்மா

பின்குறிப்பு: இதை மடித்துவிட்டுக் கேனைத் தூக்கினேன், சுட்டது. "புள்ளைக்குப் போற தண்ணியில தவளைக்குஞ்சு நீந்துது அத்தே, அதான் நல்லாக் காய்ச்சிட்டேன்" என்கிறாள் சித்தி. எங்கள் கையால் இது ஆகாது. போட்டோ வேண்டாம், நீயே வந்து மொண்டுக்கோ. கட்டில் அங்கேயேதான் கிடக்கிறது, ரெண்டு பேரும் உட்காரலாம்.