ஒற்றை நட்சத்திரம்

“அஞ்சுக்கு ஒண்ணு போட்டிருக்காங்க பாப்பா,” என்றார் அண்ணன், பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையின் குரலில்.

தங்கை வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். சாப்பாட்டு மேஜையில் அண்ணனின் போன் மல்லாந்து கிடந்தது. அதன் திரையில் அவள் எட்டு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த ஆப். அதற்கு ‘அடுத்தது நீங்க’ என்று பெயர். அண்ணனுடைய சலூனுக்காகச் செய்தது. வாடிக்கையாளர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே டோக்கன் போட்டுக்கொண்டு சரியான நேரத்துக்கு வந்து தலையைக் கொடுக்கலாம். போன சனிக்கிழமைதான் ஆப் ஸ்டோரில் வெளியானது. அன்றே நாற்பத்து மூன்று பேர் டவுன்லோட் செய்திருந்தார்கள். அந்த எண் நாற்பத்து நான்காகும் கணத்தைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று அண்ணன் அன்றிலிருந்து இந்த மேஜையை விட்டு அசையவில்லை.

புதன்கிழமை காலையில் வந்தது நாற்பத்து நான்காவது ஆள் அல்ல. முதல் விமர்சனம்.

“திறக்கவே இல்லை. தினமும் பார்க்கிறேன். சுத்த மோசம்.”

தங்கை பிரஷ்ஷைக் கடித்தாள்.

வருகிற சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சலூன்காரர்கள் சங்கத் தலைவர் வருவதாக இருந்தது. “நாலு நட்சத்திரத்துக்குக் கீழ போகாம இருக்கட்டும்மா, முப்பத்தாறு கடைக்கும் இதையே போட்டுடலாம்,” என்று வாக்குக் கொடுத்திருந்தார். இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு ‘இனி சொந்தமாத்தான்’ என்று அவள் கிளம்பி ஒரு வருடம் ஆகிறது. இதுவும் ஊற்றிக்கொண்டால் பழைய மேனேஜரிடம் போய் அசட்டுச் சிரிப்பு சிரிக்க வேண்டியதுதான்.

“என் போன்ல திறக்குதே!” என்றாள்.

“என் போன்லயும்தான் திறக்குது.”

மாடி வீட்டுக்காரம்மா போனில் திறந்தது. பார்சல் கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்தி, அவர் போனிலும் போட்டுப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி திறந்தது. அவர் கையெழுத்து வாங்கவும் மறந்து ஓடிப் போனார்.

தங்கை லேப்டாப்பைத் திறந்து, ஆப் எத்தனை முறை படுத்துக்கொண்டது என்று காட்டும் பக்கத்தைப் பார்த்தாள். பூஜ்யம்.

“பூஜ்யம்னா நல்லதுதானே?” என்றார் அண்ணன்.

“என்னண்ணா நல்லது? திறக்கலைன்னு ஒரு மனுஷர் கதறுறாரு. இது பூஜ்யம்னு காட்டுது. அப்படின்னா இந்தக் கணக்குக் காட்டுற பகுதியும் வேலை செய்யலை!”

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். காலையில் ஒரு கோளாறோடு எழுந்தவர்களுக்கு இப்போது இரண்டு.

அவள் அந்தப் பகுதியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினாள். அண்ணன் போன் பழைய மாடல் என்பதால் அதில்தான் சோதனை. “நீ எங்கயும் போகக் கூடாது. உன் போன்தான் இப்ப எனக்கு உசிரு,” என்றாள். நடுநடுவே அழைப்பு வந்து தொல்லை செய்ததால் சிம்மையும் கழற்றி உப்பு டப்பா மூடியில் வைத்தாள்.

மாலையில் அண்ணன் ஐகானைத் தட்டினார். திரை ஒரு கணம் வெளுத்தது. கறுத்தது. ஆப் பொசுக்கென்று காணாமல் போனது.

“பாப்பா! திறக்கலை!”

“நிஜமாவா?”

“சத்தியமா திறக்கலை!”

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிக் குதித்தார்கள். அந்த நேரம் பார்த்து வேலையிலிருந்து வந்த அவள் கணவர் முகம் மலர்ந்தார்.

“என்ன மச்சான், சங்கத்துல ஒத்துக்கிட்டாங்களா?”

“அதெல்லாம் இல்லை மாப்ளே! ஆப் கெட்டுப்போச்சு!”

கணவர் செருப்பைக் கழற்றினார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இந்தக் குடும்பத்திடம் எதைக் கேட்கக் கூடாது என்று அவருக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது.

வியாழக்கிழமை காலையில் தங்கை காரணத்தைக் கண்டுபிடித்தாள். புதிதாகச் செருகிய பகுதிக்குப் பழைய போன்கள் ஆகவில்லை. அதைச் சரிசெய்து, பழைய போன்களுக்கென்று நாலு இடத்தில் ஒட்டுப்போட்டு ஸ்டோருக்கு அனுப்பினாள். பதிப்பு எண்ணை ஏற்ற மறந்துவிட்டாள் என்று ஸ்டோர் திருப்பி அனுப்பியது. எண்ணை ஏற்றி மறுபடி அனுப்பினாள். கையோடு அந்த விமர்சனத்துக்குக் கீழே, பல்லைக் கடித்துக்கொண்டு பணிவாக ஒரு பதிலும் எழுதினாள்.

“மதிப்பிற்குரிய ஐயா, சிரமத்துக்கு மன்னிக்கவும். தயவுசெய்து ஒருமுறை மூடிவிட்டுத் திறந்து பாருங்கள். தங்கள் போன் எந்த மாடல்?”

அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

“திறப்பது என் வேலையா? என் போன் எந்த மாடலாக இருந்தால் என்ன?”

“கோவக்காரரா இருக்காரே,” என்றார் அண்ணன்.

அதற்குள் புதிய பதிப்பு ஸ்டோரில் ஏறிவிட்டது. அண்ணன் போனில் இறங்கியது. திறந்தது. ஆனால் ‘அடுத்தது நீங்க’ என்று இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ நின்றது. தமிழ் எழுத்து ஒன்றைக்கூடக் காணோம்.

“என்ன பாப்பா இது, ஜன்னல் விக்கிற கடை மாதிரி இருக்கு?”

ஒட்டுப்போட்டதில் எழுத்துரு கழன்றுவிட்டது. சரி, எழுத்துருவை ஆப்புக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடலாம் என்று வைத்தாள். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் அந்தக் குடும்பத்து எழுத்துருக்கள் அத்தனையும் உள்ளே போய்விட்டன. ஒன்பது எம்பி இருந்த ஆப் தொண்ணூற்றொன்றாக ஊதியது. அண்ணன் போன் ‘இடமில்லை’ என்று கையை விரித்தது.

“போட்டோ ஏதாவது அழிண்ணா.”

“எல்லாம் நான் வெட்டின தலை பாப்பா!” அண்ணன் ஒரு படத்தைக் காட்டினார். “இந்தப் பின்மண்டையைப் பாரு. ரெண்டு சுழி. ஒரு மணி நேரம் போராடினேன்.”

“அழி.”

ஒவ்வொரு பின்மண்டையாகத் தடவிக்கொடுத்து வழியனுப்பினார் அண்ணன். நூற்றுப் பன்னிரண்டு தலைகள் உருண்டன. அதன்பிறகுதான் ஆப் இறங்கியது.

இதற்கு நடுவில் அவர் திரையில் வரிசையாக டோக்கன்கள் வேறு வந்து விழுந்தன. ஒன்பதரைக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. தங்கை சோதனைக்குப் போடுபவை என்று நினைத்து, அவள் கவனம் சிதறக் கூடாதே என்று, அண்ணன் சத்தமில்லாமல் அவற்றைத் துடைத்துத் துடைத்துத் தள்ளினார்.

“இப்போது சரிசெய்துவிட்டோம் ஐயா. தயவுசெய்து மீண்டும் முயன்று பாருங்கள்,” என்று எழுதினாள் தங்கை.

வெள்ளிக்கிழமை காலையில் பதில் இருந்தது.

“முயன்றேன். இன்று 9.07 முதல் 9.38 வரை காத்திருந்தேன். ஓர் அசைவும் இல்லை.”

தங்கை துள்ளி எழுந்தாள். “அண்ணா! புரிஞ்சுபோச்சு! லோடாகுற இடத்துல நிக்குது! அரை மணி நேரமா அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருந்திருக்கு, பாவம்!”

“முப்பத்தோரு நிமிஷம் அந்த வட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்காரே. என்ன பொறுமை!” என்று அண்ணன் உருகினார்.

லோடாவதை வேகப்படுத்த, டோக்கன் அறிவிப்பு அனுப்பும் இடத்தில் அவள் கை வைத்தாள். சோதித்துப் பார்க்க, ‘உங்கள் முறை வந்துவிட்டது. உடனே வரவும்’ என்ற செய்தியை அண்ணன் போனுக்கு மட்டும் அனுப்பினாள். போன் கிணுங்கியது. தங்கையின் போனும் கிணுங்கியது. மாடி வீட்டிலும் ஏதோ கிணுங்கியது.

“அண்ணா,” என்றாள் மெல்ல. “எல்லாருக்கும் போயிடுச்சு.”

“எல்லாருக்கும்னா?”

“ஆப் போட்ட எல்லாருக்கும்.”

“அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல முறை வந்துச்சுன்னா…”

“பயப்படாத. ஆப்பே திறக்கலைங்கிறாங்க, செய்தி மட்டும் எங்க தெரியப்போகுது?”

அண்ணனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

மதியத்துக்குள் ஆறு புதிய விமர்சனங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒற்றை நட்சத்திரம்.

“எனக்கும் திறக்கவில்லை.”

“உடனே வா என்கிறான், போனால் திறக்கவில்லை.”

“கூப்பிட்டு வைத்துக் கேலி செய்கிறார்களா? திறக்கவே இல்லை!”

தங்கை நாற்காலியில் சரிந்தாள். “செய்தியைத் தட்டினா ஆப்புக்குள்ள போகணும். அங்க போனாலும் திறக்கலையாம். ஒருத்தருக்கு இருந்த நோய் இப்ப ஏழு பேருக்குத் தொத்திக்கிச்சு!”

சராசரி மதிப்பீடு 1.0 என்று சிவப்பாகக் காட்டியது. அதற்குக் கீழே போக ஸ்டோரில் வசதி இல்லை.

மாலையில் கணவர் வந்தார். நிலைமையைப் பார்த்தார். மனைவி முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“நம்ம சொந்தக்காரங்க கிட்ட சொல்லி ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம் போடச் சொல்லலாமே?”

“அது தப்புங்க.”

“தப்புதான். ஆனா சனிக்கிழமை நாளைக்குத்தான்.”

ஒரு மணி நேரத்தில் உறவு மொத்தமும் களமிறங்கியது. சித்தப்பா ஐந்து நட்சத்திரம் போட்டு, “எங்கள் வீட்டுப் பெண் செய்தது, தங்கமான பெண்,” என்று எழுதினார். பெரியம்மா, “மாப்பிள்ளையும் குணசாலி,” என்று சேர்த்தார். அத்தை மட்டும் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்.

“என்ன அத்தை, இப்படிப் பண்ணிட்டீங்க?” என்று தங்கை போனில் அழாத குறையாகக் கேட்டாள்.

“ஏண்டி, நம்பர் ஒண்ணுதானே முதல் ரேங்க்? மத்தவங்க எல்லாம் உன்னை அஞ்சாவது ரேங்க்ல போட்டிருக்காங்க. நீ என்னைக் கேக்குறியா?”

ஏழு மணிக்கு ஸ்டோரிடமிருந்து கடிதம் வந்தது. ஒரே குடும்பத்தாரின் பொய் விமர்சனங்கள் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டன. பயனர்களின் புகாரை நாளைக்குள் தீர்க்காவிட்டால் ஆப் எடுக்கப்படும். நீக்கியவர்கள் அத்தையுடையதை மட்டும் நேர்மையானது என்று விட்டுவைத்திருந்தார்கள்.

தங்கை லேப்டாப்பை மூடினாள். பிறகு, “நான் பழைய வேலைக்கே போயிடுறேண்ணா,” என்றாள்.

அண்ணன் போனைக் கையில் எடுத்தார். தன் கடைக்காகத்தானே இந்தப் பெண் இவ்வளவு பாடுபட்டாள்? ஏதாவது செய்ய வேண்டுமே என்று அந்த முதல் விமர்சனக்காரரின் பதில்களை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒன்பது ஏழு. ஒன்பது முப்பத்தெட்டு. சட்டென்று மேஜையைத் தட்டினார்.

“நிமிஷக் கணக்கு சொல்றாரு பாரு! இப்படிச் சொல்ற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான். கடிகாரக்காரர்! வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருக்காரே, என்கிட்டதான் முடி வெட்டிக்குவாரு. நேர்லயே போயிடலாம். அவர் போனைக் கையில வாங்கிச் சரிபண்ணிட்டா, அவரையே மாத்தி எழுதச் சொல்லலாம்.”

சனிக்கிழமை காலை எட்டரைக்கு லேப்டாப், மூன்று வகைக் கேபிள், சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சகிதமாக இருவரும் அந்தக் கடை வாசலில் நின்றார்கள். அலமாரி அளவுக் கடை. சுவர் முழுக்கக் கடிகாரங்கள் டிக்டிக்கென்றன. கண்ணில் லென்ஸ் குழலை மாட்டிக்கொண்டு ஒரு பல்சக்கரத்தைச் சீண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முடி இரண்டு காதையும் மூடிக் கழுத்தில் புரண்டது. அண்ணனைக் கண்டதும் அவர் முகம் கடுத்தது.

“சார், கோவப்படாதீங்க,” என்று தங்கை முந்திக்கொண்டாள். “தப்பு முழுக்க என்னோடது. நாலு நாளா ராப்பகலா அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். உங்க போனை மட்டும் ஒரு நிமிஷம் குடுங்க.”

அவர் ஒன்றும் புரியாமல் போனை நீட்டினார். தங்கை கேபிளைச் செருகினாள், கடவுளை நினைத்துக்கொண்டாள், ஐகானைத் தட்டினாள்.

கண் இமைப்பதற்குள் ஆப் திறந்தது. எழுத்துகள் அழகாக நின்றன. பட்டன்கள் பளிச்சென்று இருந்தன.

மூடிவிட்டுத் தட்டினாள். திறந்தது. போனை அணைத்துப் போட்டுத் தட்டினாள். திறந்தது.

“சார்… திறக்குதே!” என்றாள், அழுகையும் சிரிப்புமாக. “ஆப் திறக்குதே சார்!”

கடிகாரக்காரர் கண்ணிலிருந்து லென்ஸ் குழலைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“ஆப்பா? அது முதல் நாள்லேருந்தே நல்லாத்தான்மா திறக்குது. ஒரு வாரமாத் திறக்காம இருக்கிறது உங்க அண்ணன் கடை!”