பதவி வேண்டாத பெரிய மனிதர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. நாற்காலியைக் கண்டால் இவர்களுடைய கால் தானாக அதை நோக்கி நடக்கும், வாய் மட்டும் “எனக்கெதுக்குங்க இதெல்லாம்?” என்று பின்வாங்கும். பதவி வேண்டாதவர் என்று இவருக்குப் பெயர். நாலு பேர் கூடி ஒரு மேசை போடுகிற இடமெல்லாம் இவர் விளைவார். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. வற்புறுத்தினால் போதும்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். ஓய்வுபெற்ற துணைமேலாளர். அலுவலகம் போய்விட்டது, துணைமேலாளர் மட்டும் மிச்சம். வீட்டில் அவரிடம் யாரும் கையெழுத்து கேட்பதில்லை. கறிகாய் என்ன வாங்குவது என்றுகூடக் கேட்பதில்லை. ஆனால் கடவுள் ஒரு வழி வைத்திருந்தார். வாடகை கொடுக்க வழியில்லாதவர்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு சந்து வீடுகள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை. அதற்கு ஐந்து அறங்காவலர்கள். சம்பளம் கிடையாது. ஆனால் சந்தின் முகப்பில் ஒரு பலகை உண்டு, அதில் பெயர் உண்டு. சம்பளம் வாங்குகிற எத்தனை பேருடைய பெயரைப் பலகையில் எழுதுகிறார்கள்? துணைமேலாளர் தினமும் மாலையில் காலாற நடப்பது அந்தச் சந்து வழியாகத்தான். அது அவர் போகிற வழியில் இல்லை என்பது வேறு விஷயம்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நியமனக் கூட்டம் நடக்கும். அதற்கென்று ஒரு சடங்கு உண்டு. எந்த விதியிலும் எழுதாத சடங்கு. எழுதிய விதிகளை மறந்தாலும் இதை யாரும் மறந்ததில்லை. சக அறங்காவலரான மருந்துக்கடைக்காரர் எழுந்து துணைமேலாளரின் பெயரைச் சொல்வார். உடனே இவர், அந்தப் பெயரில் வேறு யாரோ அறைக்குள் இருப்பதுபோல, சுற்றுமுற்றும் பார்ப்பார். பிறகு உள்ளங்கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, “ஐயய்யோ, என்னை விட்டுடுங்க” என்பார். அறை விடாது. இரண்டாவது மறுப்பு உடம்பு பற்றியது. மூன்றாவது, “இளைஞர்கள் வரட்டும்” என்பது. அந்த அறையிலேயே இளையவர் அன்று காலையில்தான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்திருப்பார். “நீங்க இல்லாம எப்படிங்க?” என்று எல்லோரும் ஒரே குரலில் உருகியதும், இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பெருமூச்சு விட்டு, “உங்க அன்புக்குக் கட்டுப்படறேன்” என்பார். கைதட்டல். தேநீர்.

கட்டுப்பட்டு என்ன செய்வார் என்று கேட்கிறீர்களா? ஆலோசிப்பார். சந்தின் கடைசி வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அங்கே இருக்கும் தையல்காரம்மா, எந்த மழைக்கு எந்த மூலை நனையும் என்பதை மனப்பாடமாக அறிந்து, தையல் இயந்திரத்தை அறை முழுக்க உருட்டிக்கொண்டே வாடிக்கையாளர்களின் ரவிக்கைகளைக் காப்பாற்றி வருகிறார். “ஆலோசனையில இருக்கும்மா” என்று துணைமேலாளர் சொல்லிவருவது இது இரண்டாவது பதவிக்காலம்.

இந்தமுறை ஒரு விபரீதம் நடந்தது. பழைய தலைவர், தம் மகன் வீட்டோடு குடிபோய்விட, அந்த நாற்காலியில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா உட்கார்ந்தார். ஊரெல்லாம் ஊசி போட்டவர். ஆனால் சடங்கு தெரியாதவர்.

“அடுத்து துணைமேலாளர் சார். தொடர்ந்து இருக்கீங்களா சார்?”

உள்ளங்கை நெஞ்சு உயரத்துக்கு வந்தது. “ஐயய்யோ, எனக்கெதுக்கும்மா பதவி? வேற யாராவது நல்லவங்களாப் பாருங்க.”

“சரிங்க சார்.”

சரியா! துணைமேலாளர் தம் காதையே சந்தேகித்தார். மருந்துக்கடைக்காரர் அவசரமாகத் தொண்டையைக் கனைத்தார். “அம்மா, சாரை நாமதான் கொஞ்சம் வற்புறுத்தி…”

“எதுக்குங்க? வேண்டாம்னு சொல்ற மனுஷன் வாயில நான் மாத்திரையத் திணிச்சதே இல்ல.”

துணைமேலாளர் தாமே களத்தில் இறங்கினார். “அதாவதும்மா, கொஞ்சம் ரத்த அழுத்தம்…”

“அதுதான் முக்கியம். உப்பைக் குறைங்க.”

“இளைஞர்கள் வரட்டும்னுதான் நான்…”

“நல்ல யோசனை சார்.” கூரை விஷயம் கேட்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவை நர்ஸம்மா பார்த்தார். “ஏம்மா, நீ இருக்கியா?”

“இருக்கேன்க்கா.”

ஒரு தடவை, மரியாதைக்காவது ஒரே ஒரு தடவை, வேண்டாம் என்று சொன்னாரா? இல்லை! கேட்டார்கள், இருக்கிறேன் என்றுவிட்டார். என்ன வளர்ப்பு இது!

“குடியிருக்கறவங்களே எப்படி அறங்காவலரா…” என்று மருந்துக்கடைக்காரர் இழுத்தார்.

“இருக்கலாம்னுதான் விதியில போட்டிருக்கு, படிச்சுட்டுத்தான் வந்தேன்” என்றார் நர்ஸம்மா.

“என் வீட்டுக் கூரைய நீங்க நாலு பேரு முடிவு பண்ணுங்க, அதுல நான் வாயே திறக்கல. மத்த வீட்டுக்கு நான் பேசறேன்” என்றார் தையல்காரம்மா.

“நல்லது. அடுத்து மருந்துக்கடைக்காரரு, நீங்க…”

“இருக்கேங்க, இருக்கேன்!”

இத்தனை காலம் உடன் நின்று வற்புறுத்தியவர், கண்ணெதிரே சடங்கை மென்று விழுங்கிவிட்டார். துணைமேலாளரிடம் ஒரே ஒரு அம்பு மிச்சம் இருந்தது. எழுந்து, குரலைத் தாழ்த்தி, “பதவி என்னங்க பதவி? பதவி இல்லாமலே உழைக்க நான் எப்பவும் தயார்” என்றார். இதற்கு ஒருவராவது உருக வேண்டாமா?

நர்ஸம்மா உருகினார். “பெரிய மனசு சார். சனிக்கிழமை காலைல வந்துடுங்க. கடைசி வீட்டுக் கூரை ஓடுகள மாத்திடலாம், ஏணி பிடிக்க ஆள் இல்லாம இருந்தது.”

கைதட்டல் வந்தது. தேநீரும் வந்தது.

வீட்டில் மனைவி கேட்டார், “என்னங்க, ஆச்சா?”

“வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“அது தெரிஞ்சதுதானே. அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல.”

“ஐயோ, சரின்னுட்டாங்களா!” மனைவி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுநேரம் தோள்கள் குலுங்கின. இருமல் என்றார்.

சனிக்கிழமை துணைமேலாளர் போனார். போகாவிட்டால் சந்து முழுக்கப் பேச்சாகிவிடுமே. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்தால் முகப்புப் பலகை தெரிந்தது; அதன்முன் பெயிண்டர் ஒருவர் ஒரு பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“கை வலிச்சா சொல்லுங்க சார், வேற ஆளப் பிடிக்கச் சொல்றேன்” என்றார் புது அறங்காவலர், வாசலிலிருந்து.

“வேண்டாம்மா, வேண்டாம்.”

அவர் வாழ்நாளில் மனசாரச் சொன்ன முதல் ‘வேண்டாம்’ அதுவாக இருக்கலாம். ஏணியை விட்டுக் கிளம்பினால் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதாலும் இருக்கலாம்.

சிரித்தீர்களா? நல்லது. போன கூட்டத்தில் செயலாளர் பொறுப்புக்கு உங்கள் பெயரைச் சொன்னார்களே, நீங்களும் பதறிப்போய் மறுத்தீர்களே, மறுத்த கையோடு ஓரக்கண்ணால் யாரைப் பார்த்தீர்கள்? பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து “நீங்க இல்லாம எப்படிங்க?” என்று சொல்லும் வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? நான் கேட்கவில்லை, சும்மா நினைவுபடுத்துகிறேன். அடுத்த தடவையும் தாராளமாக மறுங்கள். மறுப்பதற்குமுன், தலைவர் நாற்காலியில் நர்ஸ் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.