தலைக்கு எவ்வளவு?

“போன வாரம் நான் சொன்னது போன வார ரேட்டு சார்” என்றார் டிராவல்ஸ்காரர். அந்த ரேட்டு ஏதோ அகால மரணம் அடைந்துவிட்டதைப் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“ஒரு வாரத்துல கடல் இன்னும் தள்ளிப் போயிடுச்சா?”

“கடல் அங்கயேதான் சார் இருக்கு. ஸ்கூல்தான் லீவு விட்டுட்டாங்க. லீவு விட்டா கடலுக்குக் கிராக்கி. அடுத்த வாரம் வந்தீங்கன்னா இந்த ரேட்டும் இருக்காது.”

“பழைய காரா ஏதாவது…”

“இதுவே பழைய கார்தான் சார்.”

வந்தவர் எழுந்துவிட்டார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்த வட்டாரத்துக்கு அவர் ஊசிக்காரர். தெருமுனை ரத்தப் பரிசோதனை லேபில் பதினைந்து வருடமாக ஊசி குத்துகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வலிக்காமல் ரத்தம் எடுப்பதில் கெட்டிக்காரர். தனக்கே வலிக்காமல் எடுக்கிற இன்னொரு ஆளை இன்றைக்குத்தான் பார்த்தார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் டிராவல்ஸ்காரர் குத்தியது நன்றாகவே வலித்தது.

விஷயம் கடல்தான். கல்யாணமான புதிதில், ஒரு பலவீனமான நேரத்தில், “உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போய் மூணு நாள் தங்க வைக்கிறேன்” என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் இரண்டு பிறந்து, வளர்ந்து, அப்பாவைவிட உயரமாகிவிட்டார்கள். கடல் மட்டும் அப்படியே பாக்கி நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து விழும். போன வருடம் கிளம்புகிற நேரத்தில் மனைவிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. இந்த வருடம் விடுவதாக இல்லை என்று மனிதர் வரிந்து கட்டியிருந்தார். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. நின்றால் விரல்கள் தாமாகவே மடங்கிக் கணக்குப் போடுகின்றன. பல் தேய்க்கும்போதுகூடத் தலைக்கு எவ்வளவு என்றுதான் தேய்த்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, கார் பேசிட்டீங்களா?”

“நான் எங்க பேசினேன்? அந்தாளுதான் பேசினான். நாலு பேரையும் வித்தாக்கூட அந்தக் காசு வராது.”

“விடுங்க. நாலு பேருக்கு ஒரு வண்டின்னா அப்படித்தான் இருக்கும். கூட இன்னும் ரெண்டு குடும்பம் இருந்தாலாவது பரவாயில்லை. நம்மகூட யாரு வரப் போறா?”

கடைசி வாக்கியம் அவர் காதில் ஏறவில்லை. அதற்குள் அவர் மண்டையில் பளிச்சென்று ஒரு யோசனை உதித்துவிட்டது. வேன்! மூன்று குடும்பம், ஒரு வேன், செலவு மூன்றில் ஒரு பங்கு. எல்லாம் தன் மூளைதான் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

“அதோட, அங்க ஹோட்டல்ல சாப்பிட்டா கட்டுப்படியாகாது. சின்ன அடுப்பை எடுத்துக்குவோம். நீ மூணு வேளையும் லேசா ஏதாவது செஞ்சிடு. உனக்கும் பொழுது போன மாதிரி இருக்கும்.”

மனைவி கையிலிருந்த சட்டையை ஒருமுறை உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தாள்.

மறுநாள் காலை லேபில் முதல் ஆளாக வந்தவர் மாடி வீட்டுக் கணக்கர். ரிட்டயர் ஆனவர். எதற்கெடுத்தாலும் முடியாது என்று சொல்லியே உத்தியோகத்தில் நல்ல பெயர் எடுத்தவர்.

“கையை இறுக்கி மூடுங்க சார்… மூச்சை இழுங்க… அவ்வளவுதான். சார், நாங்க கடலுக்கு வேன்ல போறோம். நீங்களும் அம்மாவும் வர்றீங்களா?”

ஊசி உள்ளே இருந்தது. குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கணக்கர் ஊசியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்தார்.

“வ… வர்றேன்பா.”

ஊசிக்காரர் அசந்துபோனார். முடியாது என்று சொல்லாத கணக்கரை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. அடுத்து வந்த டிரைவிங் ஸ்கூல்காரரிடமும் அதே இடத்தில், அதே நேரத்தில் கேட்டார். அவரும் குடும்பத்தோடு சரி என்றார். ஊசி உள்ளே இருக்கும்போது மனிதர்கள் எவ்வளவு நல்லவர்களாகிவிடுகிறார்கள் என்று நெகிழ்ந்துபோய்விட்டார்.

“வேன் நிறைஞ்சிடுச்சு!” என்று மத்தியானம் வீட்டுக்கு வந்து அறிவித்தார்.

“அதுக்குள்ளயா?” என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சந்தோஷத்தில் தொண்டை அடைக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டே நாளில் வேன் கசந்தது. கணக்கருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும். டிரைவிங் ஸ்கூல்காரருக்கோ, டிரைவர் பக்கத்தில் உட்காராவிட்டால் உயிர் போய்விடும். தொழில் புத்தி, வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்குமாம். கணக்கரின் மனைவிக்குக் காற்று வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரரின் மனைவிக்குக் காற்றே ஆகாது. நால்வரும் ஊசிக்காரர் வீட்டு வாசலில் முறை வைத்து வந்து நின்றார்கள்.

“அவருக்கு முன் சீட்டுன்னா நான் வரலை.”

“அவரு வரலைன்னா எனக்கு சந்தோஷம். ஆனா அவரு பங்கை யாரு குடுக்கறது?”

கடைசி ஆளும் போன பிறகு மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“வேன்னாலே சண்டைதாங்க. பஸ்ஸுன்னா முன்னாடி நிறைய இடம் இருக்கும். ஆனா ஒரு பஸ் ஆளுக்கு எங்க போறது? பேசாம இதை இப்படியே விட்டுட்டா…”

“பஸ்!” என்று எழுந்துவிட்டார் ஊசிக்காரர். தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது.

அந்த வாரம் லேபுக்கு வந்தவர்கள் யாரும் சும்மா திரும்பவில்லை. ரிப்போர்ட்டோடு ஒரு சீட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். சர்க்கரை பார்க்க வருகிறவர்களுக்கு வெறும் வயிற்றில் ஒரு குத்து, சாப்பிட்டபின் ஒரு குத்து. முதல் குத்தில் நழுவியவர்கள் இரண்டாவதில் மாட்டினார்கள். தையற்கடை அக்கா மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தாள்.

“முதல்ல ஊசியை எடு தம்பி, அப்புறம் சொல்றேன்.”

“சொல்லுங்கக்கா, எடுத்துடறேன்.”

“வந்து தொலைக்கிறேன், எடு!”

பஸ் நிறைந்தது. தலைக்கு ஆகிற செலவு, காரில் ஆவதில் கால்வாசிக்கு வந்து நின்றது. டிராவல்ஸ்காரரே எழுந்து நின்று நாற்காலி போட்டார். ஊசிக்காரர் அந்த நாற்காலியில், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கால் ஆடாமல் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து ஒரு கூட்டம் போட்டார். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களாகப் பார்த்துச் சேர்த்தால் பஸ்ஸில் யார் இருப்பார்கள்? ஹால் முழுக்கச் சர்க்கரை. நடுநடுவே ரத்தக் கொதிப்பு. ஜன்னலோரம் இரண்டு தைராய்டு.

“வழியில எங்கெங்க நிறுத்துவீங்க?” என்றார் கணக்கர். “எனக்கு அடிக்கடி இறங்கணும்.”

“எனக்கும்” என்றது ஹால்.

“அப்ப பஸ் எதுக்கு? நடந்தே போயிடலாம்” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

“கடைச் சாப்பாடு எனக்கு ஆகாது. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா மயக்கம் வந்துடும்” என்றாள் தையற்கடை அக்கா.

ஊசிக்காரர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். “ஒருத்தரும் கவலைப்படாதீங்க. அடுப்பு வருது. சின்னதுக்குப் பதிலா பெரிசா எடுத்துக்கறோம். எங்க வீட்லயே அத்தனை பேருக்கும் செஞ்சிடுவாங்க!”

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. தொடர்ந்து இன்னொன்று விழுந்தது.

“எல்லாம் சரி” என்று கணக்கர் விடவில்லை. “போற இடத்துல யாருக்காவது படபடன்னு வந்துட்டா? நீ ரத்தம்தானே எடுப்பே? அதுக்கப்புறம்?”

அதற்கப்புறம் என்ன என்று ஊசிக்காரருக்கும் தெரியாது. பதினைந்து வருடமாகக் குழாயை உள்ளே அனுப்புவதோடு அவர் வேலை முடிந்துவிடும். டாக்டர் இல்லாத பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஹால் ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கலைந்தது. டிராவல்ஸ்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அது போனால் போகட்டும். வாக்கு என்ன ஆவது? மனிதர் ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். சுவரில் பல்லி கத்தினால்கூடச் சீட்டெல்லாம் காலி என்று சொல்வதுபோல் கேட்டது.

மனைவி மொட்டை மாடியில் தன் தங்கையோடு வெகுநேரம் போனில் பேசிவிட்டு இறங்கி வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“ஏங்க, இதுக்குப் போயா இப்படி நடக்கறீங்க? உங்க லேப் டாக்டரம்மாவையே கூப்பிட்டா என்ன? பாவம், அவங்களும் எந்த ஊரைப் பார்த்திருக்காங்க?”

ஊசிக்காரர் நின்றார். அவளைக் கண் கலங்கப் பார்த்தார். இவ்வளவு தூரம் தன்னோடு சேர்ந்து பாடுபடுகிறாளே! கடலை அவளுக்குக் காட்டாமல் சாவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்துவிட்டுச் சின்னப் பெண்ணைப் போலக் கையைத் தட்டினார்.

“கடலா! நான் வர்றேன். என் வீட்டுக்காரரும் வருவார். சாப்பாட்டை என்கிட்ட விட்டுடுங்க, அங்க தெரிஞ்ச ஹோட்டல் இருக்கு, உப்பு சர்க்கரை எல்லாம் பார்த்துப் போடுவாங்க. யாரும் அடுப்பைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம்.”

“ரொம்ப நன்றி மேடம். உங்களுக்கு ரெண்டு சீட்டு…” என்று இழுத்தார் ஊசிக்காரர். பஸ்ஸில் ஒரு சீட்டுகூட மிச்சமில்லை.

“சீட்டு இல்லைன்னா ஒரு வழி இருக்கே. நீங்கதான் வரப் போறதில்லையே.”

“நானா மேடம்?”

“பின்னே? ரெண்டு பேரும் ஒண்ணா லீவு போட்டா லேபை யாரு திறப்பா? பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வர்ற ரத்தமெல்லாம் என்ன ஆகும்? நீங்க மெஷின்ல போட்டு, வர்ற ரிப்போர்ட்டைப் போன்ல அனுப்புங்க, நான் கடற்கரையில உக்காந்து பார்த்துச் சொல்லிடறேன்.”

ஊசிக்காரருக்கு யாரோ தன் கையில் ஊசி வைத்துக் கேட்டதுபோல் இருந்தது.

“ச… சரி மேடம்.”

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார். “நீயாவது பிள்ளைகளோட போயிட்டு வா. இன்னும் ஒரு சீட்டுதானே வேணும், யார் கையிலயாவது கால்லயாவது விழுந்து வாங்கிடறேன்.”

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லாம எனக்கு எதுக்குங்க கடலு? என் சீட்டையும் குடுத்துடுங்க. பிள்ளைகள் போகட்டும், தையற்கடை அக்கா பார்த்துக்குவாங்க. நான் உங்களோடயே இருக்கேன்.”

அன்றைக்கு அவர் அழுதது உண்மை. அவள் முந்தானையால் துடைத்துவிட்டதும் உண்மை.

பஸ் வெள்ளிக்கிழமை காலை கிளம்பியது. பிள்ளைகள் கடைசி சீட்டிலிருந்து கையை ஆட்டினார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் முன்னால் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்தார். கணக்கர் புறப்படுவதற்கு முன்பே ஒரு தடவை இறங்கி ஏறினார். டாக்டரம்மா தொப்பி போட்டிருந்தார். ஊசிக்காரர் சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். பஸ் திரும்பி மறைந்ததும் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

லேபைத் திறந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு குழாய் வந்தது. அதை முடித்ததும் வேலை இல்லை. வழக்கமாக வருகிறவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் பஸ்ஸில் போய்விட்டார்களே! பஞ்சை எடுத்து வைத்தார். எடுத்து வைத்த பஞ்சை மறுபடி எடுத்து வைத்தார். அவள் மட்டும் வீட்டில் தனியாக உட்கார்ந்து, வராத கடலை நினைத்துக்கொண்டிருப்பாளே என்று நெஞ்சைப் பிசைந்தது. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினார். எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அடுத்த வருடம் கட்டாயம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட வேண்டும்.

கதவைச் சத்தமில்லாமல் திறந்தார்.

டிவி ஓடவில்லை. குக்கர் விசில் அடிக்கவில்லை. தெருவே காலியாகியிருந்ததால் வெளியிலும் சத்தமில்லை. ஹாலில், மின்விசிறிக்கு நேர்கீழே, அவர் மனைவி இரண்டு தலையணை போட்டு, கால்களை அகல நீட்டி, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி படித்த வாரப் பத்திரிகை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பட்டப்பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. துக்கத்தில் களைத்துப் போய்விட்டாள் பாவம் என்று அவருக்குக் கண்ணில் நீர் கோத்தது.

அவள் தலைமாட்டில் போன் அடித்தது. தூக்கம் கலைந்துவிடக்கூடாதே என்று பாய்ந்து எடுத்துக் காதில் வைத்தார். மச்சினிச்சி. ஹலோ சொல்லக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

“அக்கா, டாக்டரம்மாவைக் கோத்துவிடுன்னு சொன்னேனே, பலிச்சுதா? நல்லவேளை, இந்த வருஷமும் கால் சுளுக்கிடுச்சுன்னு சொல்லியிருந்தா மாமா கண்டுபிடிச்சிருப்பாரு!”