தாரை வார்ப்பது எந்த விசா?

தீவுகளுக்கு வரும் வெளிநாட்டார் தாங்கள் எந்த வகையைச் சேர்ந்தவர்கள் என்று தெரியாமலேயே படகேறி விடுகிறார்கள் என்ற கவலைக்குரிய உண்மை, கொழும்பில் குளிரூட்டிய அறை ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. விமான நிலையத்தில் விசா கொடுக்கிறார்கள், சரி. ஆனால் சுற்றுலா விசாவில் வந்தவர் உண்மையிலேயே சுற்றுகிறாரா, வர்த்தக விசாவில் வந்தவர் ஏதாவது வர்த்தகம் செய்கிறாரா என்று பார்க்க ஆள் வேண்டாமா? வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அதன் பயனாக, நயினாதீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறைமுகத்தடியில் ஒரு பழைய கொண்டெய்னர் வந்து இறங்கியது. அதற்கு நீலவர்ணம் பூசி, ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு, ‘வெளிநாட்டுப் பயணிகள் வகைப்படுத்தல் உபபிரிவு’ என்று பலகை மாட்டினார்கள்.

உபபிரிவுக்குப் பொறுப்பாக வந்தவர் அமலதாஸ். முப்பது வயது, நல்ல பிள்ளை. ஒருவரிடமும் ஒரு தேத்தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டார். விதிகளை முழுவதும் பாடமாக்கி வைத்திருந்தார். அவரிடம் இருந்த ஒரே குறை, அவற்றை அவர் நம்பியதுதான்.

அந்தக் கொண்டெய்னருக்கு ஒரு காலைப்பொழுது இலட்சுமணனும் மனைவி இராசமணியும் வந்து சேர்ந்தார்கள். இருவரும் பிறந்தது நயினாதீவில். கடவுச்சீட்டின்படி டென்மார்க். இலட்சுமணன் அங்கே போய் முப்பது வருசத்துக்கு மேல். அந்த நாட்டிலிருந்து அவர் பெற்ற சொத்துகளில் முதன்மையானது சட்டத்துக்குப் பணிதல். அன்று காலை வேலணைச் சந்தியில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வாகனமும் வராத வீதியைக் கடக்க, இரண்டு பக்கமும் பார்த்தபடி நெடுநேரம் நின்றிருந்தார். ஊர்ச்சனம் அவர் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று நினைத்தது.

“என்ன நோக்கத்துக்காக வந்தனீங்கள், ஐயா?” என்று அமலதாஸ் கேட்டார்.

“தங்கச்சியின்ரை மகளின்ரை கலியாணத்தைச் செய்து வைக்க.”

அமலதாஸின் பேனை நின்றது. “செய்து வைக்கவோ, பாக்கவோ?”

“தகப்பன் இல்லாத பிள்ளை, தம்பி. நானும் மனிசியும்தான் இருந்து தாரை வாத்துக் குடுக்க வேணும்.”

“உங்கடை சுற்றுலா விசா. சுத்திப் பாக்கலாம், சொந்தக்காரரைச் சந்திக்கலாம், வைத்தியம் செய்விக்கலாம். சம்பளத்தோடையோ சம்பளம் இல்லாமலோ வேலை ஒண்டும் செய்யேலாது.”

“தாரை வாக்கிறது வேலையோ?”

“நீங்கள் வராட்டி அதை ஆர் செய்வினம்?”

“இஞ்சை உள்ள சொந்தக்காரர் ஆரும்.”

“பாத்தியளோ. இந்த நாட்டுப் பிரசை செய்யக்கூடிய ஒண்டை வெளிநாட்டுக்காரர் வந்து செய்யிறதைத் தடுக்கத்தான் இந்த விதியே இருக்கு.”

இலட்சுமணனுக்கு இதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. டென்மார்க்கில் இதைவிட விளங்காத விதிகளுக்கெல்லாம் அவர் பணிந்து நடந்திருக்கிறார்.

இராசமணி மெல்ல முன்னுக்கு வந்தா. “அப்ப குசினியிலை சமைக்கிறது, தம்பி?”

“அது கட்டாயம் வேலை, அம்மா.”

“தேங்காய் துருவுறது?”

“வேலை.”

“சட்டி பானை கழுவுறது?”

“அதுவும்தான்.”

இராசமணி கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு கேட்டா: “இதை எழுத்திலை தருவீரோ?”

எழுத்தில் தரப்பட்டது. ‘பார்வையிடலாம், செயற்படல் ஆகாது. மீறுவோர் விபரம் மேலிடத்துக்கு அறிவிக்கப்படும்.’ மேலிடத்துக்கு அறிவிக்கப்பட்டால் அடுத்தமுறை விசா கேட்கும்போது கதவு திறக்குமோ தெரியாது என்று அமலதாஸ் மிகுந்த அன்போடு விளங்கப்படுத்தினார்.

நயினாதீவில் தங்கச்சி கோசலாவின் வீட்டில் கலியாண வேலை தலைக்குமேல் கிடந்தது. இலட்சுமணன் முற்றத்தில் ஒரு கதிரையில் அமர்ந்து பார்வையிட்டார். பந்தல்காரன் ஒருக்கால் கயிற்றைப் பிடிக்கச் சொன்னான். “ஏலாது தம்பி, விசா விடாது” என்றார். வாழைக்குலையை இறக்கக் கூப்பிட்டார்கள். விசா விடவில்லை. பக்கத்தில் இன்னொரு கதிரையில் இராசமணி இருந்தா. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவ இப்படி இருந்து ஒருவரும் கண்டதில்லை. தேத்தண்ணி அவ இருந்த இடத்துக்கே வந்தது. “டென்மார்க்கிலை எல்லாச் சட்டமும் இருக்கு, இது மட்டும் இல்லை” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னா.

கோசலா முதலில் பகிடி என்று நினைத்தா. தாரை வார்ப்பதும் அந்தப் பட்டியலில் அடக்கம் என்று தெரிந்ததும் குசினிக்குள் போய்விட்டா. மணப்பெண் கம்சிகாதான் வெளியே வந்து மாமன் முன்னால் நின்றாள்.

“அப்பா செத்தபோது நீங்கள் வரேல்லை, மாமா.”

“அப்ப என்னட்டைப் பாஸ்போட் இல்லை, பிள்ளை.”

“தெரியும். அப்ப பாஸ்போட் இல்லை. இப்ப பாஸ்போட் இருக்கு, வகை சரியில்லை.” அவள் குரலை உயர்த்தவில்லை. “மணவறையிலை அப்பாவின்ரை இடத்திலை உங்களை வைச்சுத்தான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். வேறை ஆரும் இருந்தால் எனக்குப் பாக்க ஏலாது.”

இலட்சுமணன் எழும்பினார். செருப்பைப் போட்டார். சட்டத்தை மீறுவதற்கு அவரால் முடியாது. ஆனால் சட்டத்துக்குள் வேறு வகை ஏதும் உண்டா என்று கேட்கலாம். கோசலாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட வந்தா.

கொண்டெய்னரில் அமலதாஸ் அவர்களை இருத்தி, ஒவ்வொரு வகையாகப் பரிசீலித்தார்.

“இடைத்தங்கல் விசா எண்டு ஒண்டு இருக்கு. வேறை ஒரு நாட்டுக்குப் போற வழியிலை தங்கிறது. நயினாதீவிலை இருந்து அங்காலை எங்கை போறியள்?”

“அங்காலை கடல்தான், தம்பி.”

“அப்ப சரிவராது. வதிவிட விசா எண்டால் இஞ்சையே வந்து இருக்க வேணும்.”

“கலியாணம் வெள்ளிக்கிழமை” என்றா கோசலா.

“அதுவும் சரிவராது. மிச்சம் வர்த்தக விசா.” அமலதாஸ் யோசித்தார். “இந்தக் கலியாணத்திலை ஏதும் பொருள் கைமாறுதோ?”

அண்ணனும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“சீதனமாய் மண்கும்பானிலை ஒரு காணி” என்று கோசலா சொன்னா. “அவர் விட்டிட்டுப் போனது அது ஒண்டுதான்.”

“இரண்டு பகுதியும் இருந்து பேசினனீங்களோ?”

“பேசாமல் எப்பிடி. மூண்டுதரம் பேசினது.”

“கூட்டிக் குறைச்சு?”

“கூட்டினது மட்டும்தான்.”

அமலதாஸின் முகம் தெளிந்தது. “இரண்டு தரப்பு, பேச்சுவார்த்தை, பொருள் கைமாற்றம். இது வர்த்தகம்தானே. பிறகேன் கஷ்டப்படுறியள். வர்த்தக விசாவுக்கு மாத்தலாம். அழைக்கிற தரப்பு ஒரு கடிதம் தர வேணும், இன்ன வர்த்தகத்துக்காக இவரை அழைக்கிறம் எண்டு. அவ்வளவும்தான்.”

அழைக்கும் தரப்பு என்பது பொருளைப் பெறும் தரப்பு என்று விதி சொல்லியது. அதாவது மாப்பிள்ளையின் தகப்பன் வல்லிபுரம். வேலணைக்காரர். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். சீதனம் ஒரு சமூகக்கேடு என்று பல மேடைகளில் பேசி, அதற்காகப் பொன்னாடையும் பெற்றவர். பின்னேரம் மூவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். இதற்குக் கள விசாரணை என்று பெயர்.

வல்லிபுரம் விசயத்தைக் கேட்டு முடித்ததும் கதிரையில் நேராக நிமிர்ந்தார்.

“எங்கடை சம்பந்தத்தை வியாபாரம் எண்டு நான் எழுதித் தாறதோ?”

“இல்லாட்டி எழுத வேண்டாம், ஐயா” என்றார் அமலதாஸ் பணிவாக. “வியாபாரம் இல்லை எண்டால், பொருள் ஒண்டும் கைமாறேல்லை எண்டு எழுதுங்கோ. உபபிரிவுக்கு இரண்டும் ஒண்டுதான்.”

“நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. அவையள் விருப்பத்தோடை தாறினம்.”

“அப்பிடியெண்டால் அது நன்கொடை. அதுக்கு விதியிலை வேறை பந்தி இருக்கு.” அமலதாஸ் கோசலாவின் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்கள் விருப்பத்தோடையோ குடுக்கிறியள்?”

படிவத்தில் கட்டங்கள் இருந்தன, அவற்றை நிரப்ப வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவர் கேட்டார். ஆனால் கலியாணம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கேள்வியை ஒருவரும் கோசலாவிடம் கேட்டிருக்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. அவ முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தா.

“இல்லைத் தம்பி” என்றா.

உள்ளறையிலிருந்து மாப்பிள்ளை லவன் வந்து, சீதனம் வேண்டாம் என்று தான் முதலே சொன்னதாகச் சொன்னான். சொன்னதை யாரும் கேட்டதாக நினைவில்லை. வங்கியில் வேலை செய்பவன் ஆகையால் மெல்லப் பேசும் பழக்கம் அவனுக்கு உண்டு.

வல்லிபுரத்துக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தான் ஒரு வியாபாரி என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். அல்லது பொன்னாடைக்குப் பொருத்தமாக நடக்கலாம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார். கடைசியில், சீதனம் எதுவும் பெறவில்லை, பெறப்போவதுமில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதினார். அதிபராக இருந்தவர் அல்லவா, எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

“இப்ப விசயம் லேசு” என்றார் அமலதாஸ். “வர்த்தகம் இல்லை, சம்பளம் இல்லை. அப்ப இது கலாசார நிகழ்விலை பங்குபற்றல். சுற்றுலா விசாவிலை தாராளமாய்ச் செய்யலாம்.”

“குசினி வேலை?” என்று இலட்சுமணன் மனைவியை நினைத்துக் கேட்டார்.

“அது கலாசாரத்துக்குள்ளை வராது, ஐயா.”

வெள்ளிக்கிழமை அம்மன் கோவில் மண்டபத்தில் கலியாணம் நடந்தது. இராசமணி தண்ணீர் ஊற்ற, இலட்சுமணன் கம்சிகாவின் கையைப் பிடித்து லவனின் கையில் கொடுத்தார். கம்சிகா நிமிர்ந்து மாமனின் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்த்தாள். கோசலா ஒரு தூணோடு நின்று அழுதா. அது சந்தோசத்தில் என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மையும் அதுதான். நிகழ்வு கலாசார எல்லைக்குள் நடக்கிறதா என்று மேற்பார்வை செய்ய வந்த அமலதாஸ், இரண்டாம் பந்தியில் இருந்து சாப்பிட்டார். சாப்பாட்டைக் கலாசாரத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டார்.

இத்தோடு விசயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

தீவுகளில் வெளிநாட்டு மாமன் இல்லாத மணப்பெண்ணைக் காண்பது கஷ்டம். வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் பெண்ணைப் பெற்ற தாய்மார் கோசலாவின் கதையைக் கேள்விப்பட்டார்கள். அடுத்த கிழமை கொண்டெய்னரின் முன்னால் வரிசை நின்றது. கனடாக்காரச் சித்தப்பா, சுவிஸ்காரத் தாய்மாமன், லண்டன்காரப் பெரியப்பா. எல்லோரையும் பிடித்துக் கொண்டுவந்து, “தம்பி, இவரையும் வகைப்படுத்தும். சம்பந்திவீட்டுக்கும் ஒருக்கால் வந்து விசாரியும்” என்றார்கள். அமலதாஸ் தன் சேவைக்கு இப்படி ஒரு வரவேற்பைக் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய், பொருள் கைமாறுதோ என்று கேட்டார். ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்த மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டால் படலையைப் பூட்டத் தொடங்கினார்கள். நல்லநாட்கள் தள்ளிப்போயின. மண்டபக்காரர்கள் கவலைப்பட்டார்கள்.

ஆகவே ஒரு மனு தயாராயிற்று. எழுதியவர் வல்லிபுரம். புலம்பெயர்ந்து வாழும் எம் உறவுகளின் மனம் புண்படும் வகையில் இயங்கும் மேற்படி உபபிரிவைத் தாமதமின்றி மூடித் தரும்படி அதில் கேட்கப்பட்டிருந்தது. சீதனம் என்ற சொல் மனுவில் எங்கும் இல்லை. தேடிப்பார்த்தாலும் கிடைக்காது.

கையெழுத்துகள் வேகமாகச் சேர்ந்தன. மகளுக்காக வரிசையில் நின்ற தாய்மார் வீட்டுக்குப் போய் யோசித்தபோது, அநேகம் பேருக்கு மகனும் இருந்தான். டென்மார்க் திரும்ப இருந்த இலட்சுமணன், மனுவில் கையெழுத்து வைப்பது வேலைக்குள் அடங்குமா என்று முதலில் விசாரித்தார். அடங்காது என்று தெரிந்ததும் வைத்தார். அவருடைய மூத்தவனுக்கு ஊரில் பெண் பார்க்கிறார்கள். இராசமணியும் வைத்தா.

மனு கோசலாவிடம் வந்தபோது அவ நெடுநேரம் கையில் வைத்திருந்தா. அவவுக்குச் சுஜிதன் என்று ஒரு மகன். கொழும்பில் பொறியியலாளன். போன கிழமைதான் கரம்பனிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. அவ கையெழுத்து வைத்தா. வைத்ததோடு நிற்காமல், படகேறிப் போய்த் தானே கொடுக்கிறேன் என்றா. கொண்டெய்னரில் இருக்கும் அந்தப் பிள்ளையிடம் முகத்தைப் பார்த்துக் கொடுக்காமல் விடுவது சரியில்லை என்று அவவுக்குப் பட்டது.

மனுக்கள் உபபிரிவின் பொறுப்பதிகாரி ஊடாகவே மேலிடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. அமலதாஸ் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

“உம்மிலை எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை, தம்பி” என்றா கோசலா.

“தெரியும், அம்மா.”

“உம்மாலைதான் என்ரை பிள்ளையின்ரை காணி மிஞ்சினது. அதை நான் மறக்க மாட்டன்.”

அமலதாஸ் தலையாட்டினார். வெளியே படகுக்காரர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பேனையை எடுத்தார், வைத்தார், கொண்டெய்னரின் கதவை ஒருக்கால் பார்த்தார்.

“எனக்கும் ஊர்காவற்றுறையிலை ஒரு சம்பந்தம் பேசுகினம், அம்மா. குடுக்கிறது கல்வீடாம். பொம்பிளையின்ரை மாமன் வாற மாதம் நோர்வேயிலை இருந்து வாறாராம்.”

அதன்பிறகு அவர் மனுவின் அடியில், ‘பலமாகப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதி, உபபிரிவின் முத்திரையை எடுத்து, மை தெளிவாக விழவில்லை என்று இரண்டாம்தரமும் குத்தினார்.