ஈரல் நாட்டில் முரசு ஓயாத காலம்

வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் ஈரல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. வயிற்றுப் பக்கமிருந்து அதற்குள் ஓர் ஆறு பாயும். உண்டது, குடித்தது, நஞ்சு, மருந்து எல்லாம் அதில் கலந்து வரும். அந்நாட்டு உடைப்பாளர்கள் பட்டறைகளில் உட்கார்ந்து, வந்த அந்நியப் பண்டங்களைத் துண்டு துண்டாக உடைத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். மருந்தையும் உடைப்பார்கள். வேலை முடிந்த மருந்து தங்கிவிட்டால் அதுவும் நஞ்சுதான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், மந்திரிகளைத் தவிர.

உட்கோட்டையில் ஒரு பெரிய ஏடு இருந்தது. அதைத் திறந்து பெயர் வாசித்தால்தான் புதிய உடைப்பாளர்கள் பட்டறைக்கு வருவார்கள். ஏட்டுக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி, ஆற்றங்கரையில் காவல் நிற்கும் தூதர்களிடம் இருந்தது; காராளன் அவர்களில் ஒருவன். மற்றதன் சாவி, கோட்டையை விட்டு வெளியே வராத சாவிக்காரர்களிடம்; அவன் மனைவி பூவாயி அவர்களில் ஒருத்தி. அந்நியப் பண்டம் ஒன்றைக் கையில் பிடித்திருந்தால் மட்டுமே தூதன் உள்ளே போகலாம். அது உடைந்து தீர்ந்ததும் வெளியேறிவிட வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது என்று காராளன் அடிக்கடி நினைத்துக்கொள்வான். ஆனாலும் ஆற்றில் தினமும் ஏதாவது வந்துகொண்டிருந்ததால் குடித்தனம் எப்படியோ ஓடியது.

ஒருமுறை கிருமிப் படை உள்ளே புகுந்தது. நாடே கொதித்தது. முரசு மந்திரி வீரகண்டர் போர்முரசை அறைந்து ஆணை பிறப்பித்தார்: உடைப்பாளர்கள் பட்டறைகளை மூடிவிட்டு ஈட்டி வடிக்க வேண்டும். ஏடு மூடியே இருக்க வேண்டும். தூதர்கள் வீணாக உள்ளே அலையாதபடி அவர்கள் தோளில் அரக்கு முத்திரை வைக்கப்படும். முத்திரை உள்ளவன் கோட்டை வாசலைத் தாண்டக்கூடாது.

ஐந்தாம் நாள் கிருமிப் படை ஓடிவிட்டது. முரசு ஓயவில்லை. முரசு தேவையா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் முரசு இலாகாவிடமே இருந்தது.

இதற்கிடையில், மேலுலக வைத்தியர் வழக்கமாக அனுப்பும் தூக்க மருந்து வழக்கமான அளவில் வந்துகொண்டே இருந்தது. உடைக்க ஆளில்லை. அது தெருவெல்லாம் தேங்கியது. ஜனங்கள் நடந்தபடியே தூங்கினார்கள். சோறு பிசைந்த கை பிசைந்தபடியே நின்றது. வீரகண்டர் மாடத்திலிருந்து பார்த்துவிட்டு, "தேங்குவதெல்லாம் பகை. பகை பெருகிவிட்டது. முரசை இரட்டிப்பாக்குங்கள்" என்றார்.

காராளன் ஒரு மருந்துத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, இது பகை இல்லீங்க, மருந்துங்க. உடைக்க ஆளில்லாம தேங்கிக் கிடக்கு. என்னை ஒரு தரம் உள்ள விட்டீங்கன்னா ஏட்டைத் திறந்து..."

"தூதனே, உன் விண்ணப்பம் தீர ஆராயப்பட்டது. நெருக்கடி நிலையை நீக்கும் அதிகாரம் உட்கோட்டைக்கே உண்டு. உட்கோட்டைக்குச் செய்தி கொண்டுபோகும் அதிகாரம் தூதனுக்கே உண்டு. நெருக்கடி நிலையில் தூதன் உள்ளே போகக் கூடாது. இதில் உனக்கு எது விளங்கவில்லை?"

"எல்லாம் விளங்குதுங்க. பூவாயி எப்படி இருக்கா, அத மட்டும் சொல்லுங்க."

"சாவிக்காரர்களில் பாதிப் பேரைக் குறைத்துவிட்டோம். மீதி யார் என்பது போர்க்கால ரகசியம்."

காராளன் கரைக்குத் திரும்பினான். அன்றிலிருந்து அவன் அந்தத் துண்டைக் கையில் பிடித்தபடி, கரையை ஒட்டிய கோட்டைச் சுவரோரமாகவே நின்றான். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கும்போது ஒரு சத்தம் கேட்கும். முரசுச் சத்தத்துக்கு நடுவே அந்தச் சத்தத்தைத் தேடித் தேடிக் காது வலித்தது. அவள் இருக்கிறாளா, குறைக்கப்பட்டுவிட்டாளா என்று தெரியாமல் அவன் உருகிப்போனான். ஆற்றில் நஞ்சு வந்த நாட்களெல்லாம் எவ்வளவு நல்ல நாட்கள் என்று நினைத்தான்.

நெருக்கடி நிலையை நீட்டிக்கலாமா என்று வீரகண்டர் வாக்கெடுப்பு நடத்தினார். தலை முன்னால் சாய்ந்தால் சம்மதம் என்பது விதி. மருந்து மயக்கத்தில் நாட்டின் அத்தனை தலையும் பொத்துப் பொத்தென்று முன்னால் சாய்ந்தது. காராளன் தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி விழித்திருந்தான்.

எழுத்தர் முடிவை வாசித்தார். "மாட்சிமை பொருந்திய மந்திரிக்கு, ஏகமனதான வெற்றி. சாயாத தலைகள் இரண்டு. ஒன்று ஆற்றங்கரையில், ஒன்று உட்கோட்டையில்."

உட்கோட்டையில் ஒன்று! காராளனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் இருக்கிறாள். விழித்தும் இருக்கிறாள்.

"துரோகிகள்!" என்று கொதித்தார் வீரகண்டர். "அரசு முத்திரையைச் சுமக்கும் தகுதி இவனுக்கு இல்லை. அரக்கைச் சுரண்டி எடுங்கள். சட்டப்படி இருவரையும் ஏட்டின் முன் நிறுத்திப் பெயரை அடியுங்கள். அவன் கையிலுள்ள அந்தத் துண்டு சாட்சிப் பொருள். அது அவன் கையிலேயே இருக்கட்டும்."

இப்படியாக, முத்திரை இல்லாமலும் கையில் அந்நியப் பண்டத்துடனும் காராளனைக் காவலர்களே உட்கோட்டைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட இடத்திலேயே தூங்கியும் போனார்கள்.

பூவாயி பாதியாக இளைத்திருந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தன நாளா எங்கய்யா போன?"

"வாசல்லயேதான் நின்னேன், பூவு."

"தெரியும். செவுத்துல சாஞ்சு நீ மூச்சு விடுறது கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. அழுவாத. சாவியப் போடு."

இரண்டு சாவியும் ஒன்றாகத் திரும்பின. பூவாயி பெயர்களை வாசிக்க வாசிக்க, உடைப்பாளர்கள் எழுந்து பட்டறைக்கு ஓடினார்கள். தடுக்க வேண்டிய முரசுக்காரர்கள் முரசின் மேலேயே கவிழ்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளில் தெருக்கள் வெளுத்தன. தலைகள் நிமிர்ந்தன. வீரகண்டர் விழித்ததும் வெற்றி விழா அறிவித்தார். அவரை என்ன செய்வது என்று தெரியாத ஜனங்கள், முரசை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவருக்கு ஆற்றங்கரையில் ஒரு கல் இருக்கை போட்டுக் கொடுத்தார்கள்.

காராளனின் கையில் கடுகளவு மருந்து மிச்சமிருந்தது. அதை அவன் மூடி வைத்திருந்தான். பூவாயி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"இது போதும்யா. குடுத்துட்டுப் போ."

"இதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? நான் இருந்துக்கறேனே."

"நானும் அதத்தான் நெனச்சேன்," என்றாள். சொல்லிவிட்டு அந்தத் துளியை எடுத்துப் பட்டறைக்கு அனுப்பினாள்.

அவன் வெளியே வந்தான். நாடு நன்றாக இருந்தது. பிள்ளைகள் கரையில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். மேலுலக வைத்தியர் மருந்தை நிறுத்திவிட்டதால் ஆறு தெளிந்து கிடந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றும் வரவில்லை. ஏதாவது ஒரு நஞ்சு, சின்னதாக ஒன்று, மிதந்து வராதா என்று அவன் மனம் கேட்டது. கேட்டதும் அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஏதாவது தென்படுகிறதா, தூதனே?"

கல் இருக்கையிலிருந்து வீரகண்டரும் அதே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒண்ணும் வரலீங்க."

"வரும்," என்றார் அவர் ஆறுதலாக. பிறகு சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

காராளன் உட்கார்ந்தான்.