எலிகளுக்கு முறை சொன்னவன்

படித்தவனுக்கு ஊரார் சொந்தமெல்லாம் தெரியும், தன் சொந்தம் தெரியாது என்பார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே. எனக்கு எலிகளின் சொந்தம் தெரியும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், எலி வகைகளில் எது எதற்குப் பங்காளி என்று கண்டுபிடிக்க, ஆராய்ச்சி மாணவனாகச் சென்னையிலிருந்து சங்கரன்கோவிலில் வந்து இறங்கினேன். வயலெலி, வெள்ளெலி, பெருச்சாளி என்று பிடித்து, அவற்றின் உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வடிவத்தை ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் நெருங்கிய சொந்தம். (ஜாதகத்தைவிட நம்பகமானது என்று கண்டவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.)

அந்தப் பக்கத்தில் புது ஆளைக் கண்டால் முதல் கேள்வியே "எந்த ஊரு, யாரு வீடு?" என்பதுதான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் வாடகைக்குப் பிடித்திருந்த மாட்டுத் தொழுவத்தின் எலி நாற்றம் அப்படி. கிட்டே வந்தது பக்கத்து வீட்டுக் கோமதி மட்டும்தான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "சேமியாவ நறுக்கிப் போட்ட மாதிரில்லா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

துணைக்குப் பெரியவர்கள் யாரும் இல்லாமல் நானே கோமதியைப் பெண் கேட்கப் போனேன். அரைக்கட்டி சந்தன சோப்பைக் கரைத்துக் குளித்திருந்தேன். அதுதான் வினை.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான கோமதியின் அப்பா நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "எலிக்குச் சொந்தம் பாத்து என்னய்யா ஆவப்போவுது?" என்றார்.

விட்டேனா? "மூஞ்சூறு பார்க்க எலி மாதிரி இருக்கும், எலிக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. சம்பந்தமே இல்லாதது போலத் தெரிவது நெருங்கிய சொந்தமாக இருக்கும். முகத்தைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது, சார்!"

கதவுக்குப் பின்னால் கோமதி சிரிப்பது கேட்டது. கல்யாணம் பாதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எலி நாற்றம் போயிருந்ததால், காப்பியோடு வந்த அவள் அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டார். "உங்க அம்மைக்கு எந்த ஊரு?"

"மேலநீலிதநல்லூர். எனக்கு நினைவு தெரியுமுன்பே இறந்துவிட்டார். அப்பாவோடு கல்கத்தாவில் வளர்ந்தேன். அம்மா பெயர் செண்பகம்."

அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். அதுவரை 'நீங்க' என்றவர் 'நீ'க்கு இறங்கினார். "ஏலே, எங்க பெரியப்பா மவ செண்பகத்தக்கா மவனா நீ? மூக்கு அப்படியே இருக்கே! ஏட்டி கோமதி, வெளிய வா. உன் பெரியம்மை மவன் வந்திருக்கான். அண்ணனுக்குக் காப்பி குடு!"

கோமதி வந்தாள். "குடிங்கண்ணே" என்றாள். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. காப்பி சூடு என்று சமாளித்தேன்.

கோமதிக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. அவள் கல்யாணத்தில் பொரியிட்டது நான். பிள்ளைகளுக்குக் காது குத்தியது என் மடியில். அவர்களுக்கு நான் எலி மாமா. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியதை அந்த வீட்டில் யாரும் மதிப்பதில்லை. யாருக்கு வரன் வந்தாலும் கோமதி இன்றும் சொல்வாள்:

"முறை சரியான்னு நல்லா விசாரிச்சுக்கிடுங்க. எலி மாமாட்ட மட்டும் கேட்டுராதிய."